பஞ்சுக்கோழியில் பெட்டை எது

எங்கள் ஊரில் கோழி பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இருபது வயதுகூட நிரம்பாத எனக்கு அதில் அப்படியொரு கர்வம். குஞ்சு கொஞ்சம் தலையெடுத்ததுமே இது சேவல், இது பெட்டை என்று பிரித்துவிடுவேன். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் சேவல் தலையை நிமிர்த்தும், பெட்டை தொங்கவிடும். சேவலுக்குக் கால் தடித்திருக்கும், கொண்டை சீக்கிரம் சிவக்கும், இரை போட்டால் முதலில் ஓடிவரும். சந்தைக்குப் போகிற பெண்கள் கூடையோடு வாசலில் நின்று, "இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு தாயி" என்பார்கள். நானும் பெரிய டாக்டர் போல ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துச் சொல்வேன்.

அந்தக் கர்வம்தான் என் அக்காவின் வாயிலிருந்து முட்டையைத் தட்டிப் பறித்தது. அதை ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும்.

ஆவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அய்யா இறந்தபின் ஆத்தாவும் நானும் மட்டுமே இருந்த வீட்டுக்கு, ஐம்பதுகளின் தொடக்கத்தில் அக்கா திரும்பி வந்தாள். வந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவளுக்குக் காசம் என்று எக்ஸ்ரேயில் தெரிந்ததும், புருஷன் வீட்டார் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து தகரப் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போனார்கள். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெற்ற வீட்டிலும் அவளுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, எச்சில் துப்பச் சாம்பல் போட்ட கொட்டாங்குச்சி. பகலெல்லாம் புங்கமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிடப்பாள்.

சானடோரியத்தில் படுக்கை கிடைக்க மாதக்கணக்காகும், அதுவரை உடம்பு தாங்க வேண்டும், தினமும் பாலும் முட்டையும் கொடுங்கள் என்றார் புதுக்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டர். மழை பொய்த்து அது இரண்டாவது வருஷம். கண்மாய் வெடித்துக் கிடந்தது. பசு வற்றிவிட்டது. ஊர்க் கோழிகளையெல்லாம் வெள்ளைக் கழிச்சல் ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போயிருந்தது. தினம் ஒரு முட்டைக்கு எங்கே போவது?

மதில் சுவருக்குள் இருந்ததால் பங்குச் சாமியார் வீட்டுக் கோழிகள் மட்டும் தப்பியிருந்தன. அவை நம் ஊர்க் கோழிகள் அல்ல. எந்தத் தேசத்திலிருந்தோ வந்த இனம். இறகே கிடையாது, உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு. பஞ்சை விலக்கினால் தோல் கன்னங்கரேலென்று இருக்கும். காலில் ஐந்து விரல். மரத்தில் ஏறத் தெரியாது, பறக்கவும் தெரியாது. ஊரில் அதற்குப் பஞ்சுக்கோழி என்று பெயர். ஆத்தா போய் அழுததும், சாமியார் சொல்லி, அவர் வீட்டில் சமையல் பார்க்கும் குசினிக்காரர் மூன்று மாதக் குஞ்சுகள் ஆறு கொடுத்தார்.

"சேவல் பொட்டை இதுல லேசுல தெரியாது தாயி," என்று என்னிடம் சொன்னார். "சாமியாரே தடுமாறுவாரு. ஈஸ்டர் வரைக்கும் பொறு. சேவலா இருந்தா தானே கூவிக் காட்டிக் குடுத்துரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் வந்து யார் சொல்வது!

ஈஸ்டர் வரை பொறுப்பதில் ஒரு சிக்கலும் இருந்தது. அதற்கு முன்னால் தவசுகாலம் வரும். நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி கிடையாது. நோயாளிக்கு விலக்கு உண்டு என்று சாமியாரே சொன்னாலும், அந்த நாட்களில் வீட்டில் கத்தி எடுக்க ஆத்தா விடமாட்டாள். சேவல்களை அதற்கு முன்பே அறுத்தால் அக்காவுக்குச் சாறு ஆகும். விட்டால் நாற்பது நாள் தீனி தண்டம். நாங்களே அரை வயிற்றுக் கம்பங்கூழில் இருந்தோம். ஆகவே தவசுகாலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்திய மூன்று ஞாயிறுகளில் மூன்று சேவல்களை அறுப்பது, மிச்சமுள்ள மூன்று பெட்டைகளை முட்டைக்கு வைப்பது என்று நானே முடிவுகட்டினேன். தலைகீழாகத் தூக்கிப் பார்த்தேன். கால் தடிப்பைப் பார்த்தேன். மூன்றின் காலில் சிவப்பு நூல் கட்டினேன்.

அக்கா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குஞ்சுகளைத் தவிர அவள் பக்கத்தில் போனவர்கள் யாரும் இல்லை. பகலெல்லாம் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அதுல ரெண்டு பொட்டை மாதிரி இருக்குடி," என்றாள். "தலையில இருக்கிற பஞ்சப் பாரு. சேவலுக்குப் பின்னால வாரிவிட்ட மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. இது ரெண்டுக்கும் பந்து மாதிரி உருண்டையா இருக்கு. நீ நூல் கட்டாத மூணும் சேவலாத்தான் தெரியுது."

"படுத்துக் கெடக்கிற ஒனக்கு என்ன தெரியும்?" என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்து அறுத்தது சேவல்தான். நூல் கட்டிய மூன்றில் அது ஒன்றுதான் அக்காவும் சேவல் என்று ஒத்துக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது ஞாயிறு அறுத்ததை அடுப்படியில் உட்கார்ந்து கிழித்தேன். கறுப்புத் தோல், கறுப்புக் கறி, எலும்புகூடக் கறுப்பு. அதற்கு நடுவில் மஞ்சள் மஞ்சளாக, கம்பு மணி அளவில், கொத்தாக முட்டைக்குலை. இன்னும் ஒன்றிரண்டு மாதம் விட்டிருந்தால் முட்டையிட்டிருக்கும். அதைப் பிய்த்து அடுப்புச் சாம்பலுக்குள் தள்ளிவிட்டு, சாறு வைத்துக் கொண்டுபோனேன்.

"சேவல்தானே?" என்று கேட்டாள்.

"சேவல்தான்."

அவள் குவளையை வாங்கி மெதுவாகக் குடித்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அடுத்த ஞாயிறுக்குள் செத்துப் பிழைத்தேன்.

மூன்றாவதை அறுக்காமல் விட்டிருக்கலாம். விட்டிருக்க வேண்டும். ஆனால் விட்டால், ஏன் விட்டாய் என்ற கேள்வி வரும். போன வாரத்துப் பொய் வெளியே வரும். நான் அதைப் பஞ்சாரத்திலிருந்து எடுத்தபோது அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எழுந்ததற்கே மூச்சு வாங்கியது.

"இதையாவது விட்டுர்றி," என்றாள்.

'இதையாவது' என்றாளே, அது என்னைச் சுட்டது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குடிக்கும்போதே தெரிந்திருக்கிறது. எனக்கு வந்தது வெட்கம்தான், ஆனால் அன்று அது கோபமாகத்தான் வந்தது. "கோழி பாக்க எனக்கு நீ சொல்லித் தர வேணாம்" என்று கத்திவிட்டு, கொல்லைக்குக் கொண்டுபோய் அறுத்தேன். அதிலும் மஞ்சள் குலை இருந்தது. போன வாரத்தைவிடப் பெரிய மணிகள்.

தவசுகாலம் தொடங்கிய இரண்டாம் வாரம் மிச்சம் மூன்றில் ஒன்று விடியற்காலையில் கூவியது. முதலில் தொண்டை அடைத்தாற்போல, பிறகு நன்றாகவே. நாலு நாளில் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. மூன்றும் போட்டிபோட்டுக் கூவின.

ஆத்தா கூலிக்கு மண் வெட்டிவிட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"ஊருக்கெல்லாம் கோழி பாக்குறவளே! மூணும் கூவுதே. பொட்டை எங்கடி?"

கட்டிலிலிருந்து அக்காதான் பேசினாள்.

"அவள வையாத ஆத்தா. ரெண்டு பொட்டைன்னு அவ சரியாத்தான் சொன்னா. எனக்குத்தான் முட்டை வாடையே ஆகலை. கறிதான் வேணும், அறுத்துக் குடுன்னு நாந்தான் அழுது அடம்புடிச்சேன்."

ஆத்தா அவளையே பார்த்தாள். பசியும் வெயிலும் சேர்ந்த பார்வை.

"அப்ப ஒன் சாவ நீயே தேடிக்கிட்டியா? நாக்கு ருசிக்கா?" என்றாள். அக்கா ஆமாம் என்று தலையசைத்தாள். நான் ரெண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய பாடுகளின் வாரத்தில் அவள் போனாள். முட்டை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரால்கூடச் சொல்ல முடியாது. படுக்கை காலியாகும்வரை தாங்கியிருக்கலாம், அவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னேன் என்று மட்டும் சாமியாரிடம் சொன்னேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை.

ஆத்தா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தாள். கல்லறைத் திருநாளில் அக்காவின் குழிமேட்டில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு, மண்ணை அடித்து அடித்து அழுவாள். "நாக்கு ருசிக்குச் செத்தியே பாவி மகளே" என்றுதான் ஒவ்வொரு வருஷமும் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.