இரண்டு நிமிட வேலை

தியேட்டரில் டிரெய்லர்கள் முடிந்து படம் தொடங்கியதும் அவர் எழுந்துவிடுவார். பத்தொன்பது வருடமாக இதே கதைதான். ஆரம்பத்தில் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துப் பார்த்தாள். பிறகு அவளும் செருப்பைக் கழற்றாமல் உட்காரப் பழகிக்கொண்டாள்.

டிரெய்லருக்கும் விளம்பரத்துக்கும் இசை போடுவதுதான் அவர் தொழில். மெதுவாகத் தொடங்க வேண்டும், நடுவில் ஏற வேண்டும், பெயர் திரையில் வரும் முன் ஒரு நொடி மூச்சை அடக்க வேண்டும், அப்புறம் இடி. படமோ சோப்போ, பெயர்தான் மாறும். அவர் பெயர் எதிலும் வராது.

வேலையெல்லாம் சமையலறைக்கு அடுத்த சின்ன அறையில். சத்தம் வெளியே போகாமலிருக்கப் பழைய மெத்தையைச் சுவரில் அடித்து வைத்திருந்தார். ஒன்று முடிந்தால் கதவைத் திறந்துவிட்டு ஓட விடுவார். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். இசையைப் பற்றிப் பேச வார்த்தை கிடையாது. "அந்த இடத்துல கத்தி நின்னுடுச்சுங்க" என்பாள். காய் நறுக்குகிற கை நின்றால் இசை தேறிவிட்டது என்று அர்த்தம்.

ஒருநாள் ஒரு படக் கம்பெனி கூப்பிட்டது. இந்த டிரெய்லர் பிடித்துப்போனால் அடுத்த படத்துக்கு முழு இசையும் அவரே என்றார்கள். முழுதாக இரண்டரை மணி நேரம். மறுநாள் காலையில், வெளியே போகிற வேலை எதுவும் இல்லாமலே அவர் முகச்சவரம் செய்துகொண்டார். அவள் பார்த்தாள்.

டிரெய்லரை வெட்டுகிற எடிட்டருக்குப் புருஷனும் பெண்டாட்டியும் வைத்த பெயர் 'இன்னும்கொஞ்சம்'. படத்துக்கு அடியில் யாருடைய இசையையாவது மாதிரிக்கு ஒட்டி அனுப்புவான். இதே மாதிரி வேண்டும், இது வேண்டாம் என்பான். இந்த முறையும் அப்படித்தான் வந்தது. ஓட விட்ட நாலாவது நொடியில் அவள் கையில் வெங்காயத்தோடு கதவருகே வந்து நின்றாள்.

"ஏங்க, இது நம்மளுதுங்க."

"தெரியுது."

மகள் பிறந்த மாதம் போட்டது. பெயருக்குப் பதில் வெறும் நம்பரைப் போட்டு, யாரும் காசு கொடுத்து எடுத்துக்கொள்கிற ஓர் இசைக் கிடங்குக்கு விற்றது. ஏற்கெனவே டயர் விளம்பரத்தில் வந்துவிட்டதால் அதையே திரும்பக் கொடுக்கவும் முடியாது.

"நீங்க போட்டதுன்னு சொல்லிடுங்களேன்."

"சொன்னா, அப்ப சுலபமாச்சே சார், இன்னொண்ணு போடுங்கம்பான்."

ஒன்பது நாளில் ஆறு அனுப்பினார். ஆறாவதுக்கு எடிட்டர் போன் செய்தான். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா அந்த ஆளுகிட்ட ஒரு வெறி இருந்துச்சு சார். இன்னும் கொஞ்சம்..."

"எந்த ஆளு?"

"அந்த மாதிரியப் போட்டவன் சார். யாரோ. இருக்கானோ போயிட்டானோ."

"இருக்கான், இருக்கான்" என்றார். "கொஞ்சம் அசதியா இருக்கான்." சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஏழாவதை அனுப்பும் முன் கதவைத் திறந்துவிட்டார். அவள் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெயர் வருகிற இடம் வந்தது, போனது. கேரட் முழுதும் நறுக்கியாகிவிட்டது. வேண்டுமென்றே கையை நிறுத்தியிருக்கலாம் என்று அப்புறம்தான் அவளுக்குத் தோன்றியது. அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அனுப்பிடறேன்" என்றார்.

வேலை வேறொருவனுக்குப் போனது. முழுப் படமும் அவனுக்கே. அந்த டிரெய்லர் வந்தபோது இருவரும் தியேட்டருக்குப் போனார்கள். பெயர் வரும் முன் இருக்கிற அந்த ஒரு நொடியில் மடியிலிருந்த பையை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் அதையும் கவனித்துவிட்டார்.

"என்னைவிட நல்லா என்னை மாதிரி பண்ணியிருக்கான்" என்று எழுந்தார்.

போன வாரம் ஒரு பிஸ்கட் விளம்பரம் வந்திருக்கிறது. மாதிரிக்கு ஒட்டியிருப்பது அந்த வேறொருவனுடையது. இதே மாதிரி வேண்டுமாம், இது வேண்டாமாம். இன்று மூன்றாவதைப் போட்டிருக்கிறார். கதவு திறந்திருக்கிறது. அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கை இன்னும் நிற்கவில்லை.