மஞ்சள் தண்ணியும் ஒரு ஓமும்

எனக்கு எழுத்து வடிவாக வராது. ஐந்தாம் வகுப்போடை நிண்டவள், மறதியும் கூடிப்போச்சு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

இண்டைக்குக் காலமை பக்கத்து வீட்டு முற்றத்திலை மஞ்சள் தண்ணி தெளிச்சினம். அந்த மணத்தோடை கோப்பாய் ஊரிலை ஒரு சின்னத் தெரு, ஒரு ஒழுங்கை, ஞாபகம் வந்தது.

அம்மாவின்ரை தங்கச்சி, என்ரை சின்னம்மா, வேதாகமத்தைப் பையிலை போட்டுக்கொண்டு வீட்டு வாசல் படலை படலையாகப் போய் இயேசுவைப் பற்றிச் சொல்லுவா. எட்டு வயதிலை நானும் கூடப் போவன். நாங்கள் திரும்பின உடனை, தீட்டுக் கழிய எண்டு, நிண்ட இடத்துக்குச் சனம் மஞ்சள் தண்ணி தெளிக்கும். ஒரு வீட்டு அம்மா நாங்கள் திரும்புமட்டும் பொறுக்கேல்லை. செம்போடை சின்னம்மாவின்ரை தலையிலை ஊத்திப்போட்டா. அவவின்ரை மகள் படலையிலை நிண்டு பார்த்தவள்.

சின்னம்மா முகத்தைத் துடைச்சா. "நல்ல வெய்யில் அக்கா, குளிர்ச்சியாக் கிடக்கு. மிச்சக் கதையையும் சொல்லட்டோ?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. அதை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தா. "உவள் விசரி, பைத்தியம். நீ சொல்லு பிள்ளை, நீயும் உந்தக் கதையை நம்புறியோ?"

ஆர் என்ன கேட்டாலும் சின்னம்மாவின்ரை சேலைக்குப் பின்னாலை ஒளியிற பிள்ளை நான். அண்டைக்கு அந்தச் சேலை மஞ்சளாய்ச் சொட்டிக்கொண்டு நிண்டது. நான் ஒளியேல்லை. "ஓம், நம்புறன்" எண்டன்.

சின்னம்மா வீடு வருமட்டும் என்ரை கையை விடேல்லை.

அண்டைக்குப் படலையிலை நிண்டு பார்த்த அந்த அம்மாவின்ரை மகள் இப்பவும் கோப்பாயிலைதானாம். ஆரும் அந்தப் பக்கம் போனால் விசாரிச்சுச் சொல்லுங்கோ. ஊத்தினது செம்போ, வாளியோ? நான் சொன்ன "ஓம்" அவையின்ரை காதிலை விழுந்ததோ? என்ரை வாய் அசைஞ்சது மட்டும்தான் எனக்கு நிச்சயமாத் தெரியும்.