பாதி என்று சொன்னவள்

இன்று புன்னைக்காயல் பஸ்ஸில், பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பெண் செல்போனில் ஒரு புதிரைக் காட்டினாள்.

மூன்று கைதிகள். ஒருவனுக்கு மட்டும் விடுதலை. யாருக்கென்று காவலாளிக்குத் தெரியும், ஆனால் கேட்பவனிடம் அவனைப் பற்றி மட்டும் சொல்லக் கூடாது. மற்ற இருவரில் விடுதலை இல்லாத ஒருவனைச் சொல்லும்படி முதல் கைதி கேட்கிறான். "இரண்டாமவனுக்கு விடுதலை இல்லை" என்கிறான் காவலாளி. முதலாமவனுக்கு வாய்ப்பு எவ்வளவு?

"பாதி" என்றேன். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான்.

"இல்ல ஆன்ட்டி, அப்பவும் மூணுல ஒண்ணுதான். அவன் கதி என்னவா இருந்தாலும், அடுத்தவன் பேரத்தான சொல்லுவாங்க?"

புதிரை இன்னொரு முறை படித்தேன்.

எழுபதுகளில் எங்கள் ஊர் வள்ளம் ஒன்று கவிழ்ந்தது. அதில் என் அண்ணன் சேவியர், ரோச், மிக்கேல். ஒருவன்தான் பிழைத்தான் என்று தகவல். துறைமுகம் போய் விசாரித்து வந்த கோயில் உபதேசியாரிடம் அம்மா ஓடினாள்.

"எம்புள்ள இருக்கானா?"

"ரோச் போயிட்டான், தாயி." அதற்கு மேல் அவர் நிற்கவில்லை.

நான் அப்போது பி.எஸ்சி. கணக்கு. "அம்மா, மூணுல ஒண்ணு இப்ப ரெண்டுல ஒண்ணாயிட்டு" என்றேன்.

"ஏளா, கணக்கு பொய் சொல்லாதுல்லா?"

"சொல்லாதும்மா."

அம்மா அண்ணனுக்கும் சேர்த்து அரிசி களைந்தாள்.

வந்தது மிக்கேல்.

பெற்றவளிடம் அவள் பிள்ளை பெயரை எந்த உபதேசியார் சொல்வார்?

இறங்கும்போது அந்தப் பெண், "எல்லாரும் பாதின்னுதான் சொல்லுவாங்க, விடுங்க ஆன்ட்டி" என்றாள்.

விட்டுவிடலாம். அம்மாவுக்குக் கொடுத்த அந்தப் பாதியை மட்டும் எப்படித் திரும்ப வாங்குவது? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.