சரஸ்வதி பூஜையன்று அப்பா எடுத்த புத்தகம்

அப்பா இல்லாத முதல் ஆண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

அப்பா வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. பஞ்சாலையில் வேலை பார்த்தார். ஆலை மூடிய பின் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி கம்பெனிக்குப் போனார். கருவடிக்குப்பத்து வாடகை வீட்டிலிருந்து என்னைக் கல்லூரிவரை படிக்கவைத்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அதைச் சொல்லும்போது இன்றும் தலை நிமிர்கிறது.

என் புத்தகங்களை அப்பா கை கழுவிய பிறகுதான் தொடுவார். படித்து முடித்ததும் அவை சாமி அலமாரிக்குப் போய்விடும். அந்த மரியாதையில்தான் நான் படித்தேன். ஆனால் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துத் தூங்கியதில்லை. என் மகள் அப்படி அஞ்சி வளரக்கூடாதென்று, அவள் உட்காரப் பழகும் முன்பே படப் புத்தகங்கள் வாங்கினேன்.

பாப்பா முதலில் அவற்றைத் தின்னத்தான் பார்த்தாள். அப்பாவின் அக்காவான அத்தை பதறினார்: “புடுங்குடி! சரஸ்வதிய மெல்லுது பாரு!” அப்பாவும் முகம் சுளித்தார். ஆனால் சில நாளில், வேலை முடிந்து வந்ததும் பாப்பாவை மடியில் வைத்து, படத்தைப் பார்த்துத் தானே கதை கட்டத் தொடங்கினார். அவர் கதையில் யானை பஸ் பிடித்து மேட்டுப்பாளையத்துக்கு ஷிப்டு போகும்.

சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைத்தோம். மத்தியானம் யானைப் புத்தகம் கேட்டுப் பாப்பா விடாமல் அழுதாள். மறுநாள் வரை எடுப்பது வழக்கமில்லை. அப்பா ஒருமுறைகூட அதை மீறியதில்லை. அன்று எழுந்து போய் உருவி எடுத்தார்.

“டேய், என்னாடா பண்ற? நாளைக்கித்தானடா எடுக்கணும்!”

“இப்பத்தானக்கா அழுவுது.”

“சாமி குத்தமாயிடும்டா.”

“ஆவட்டும், எங்கிட்ட கேக்கட்டும். எழுத்துக்குப் பயந்துக்கினே எனக்குக் காலம் போயிடுச்சு. இதாச்சும் பயப்படாம இருக்கட்டும்.”

பாப்பா குங்குமத்தை முகமெல்லாம் பூசிக்கொண்டு, புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போனாள்.

அப்பா படுக்கையில் விழுந்து பேச்சுக் குறைந்தபோது, அதற்குள் பேசப் பழகிவிட்ட பாப்பாதான் அவர் மார்பில் புத்தகத்தை விரித்துக் கதை சொன்னாள். அப்பா கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவமனைக்கு எங்களோடு அலைந்த சித்தப்பா, கூப்பிட்டபோதெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த எதிர்வீட்டு அண்ணன், கடைசிவரை கஞ்சி புகட்டிய அத்தை, எல்லோருக்கும் எங்கள் நன்றி.

ஒரு வேண்டுகோள். அப்பாவின் படம் இருக்கிறதே என்று இந்த மலரைப் பத்திரப்படுத்திவிடாதீர்கள். உங்கள் வீட்டுக் கைக்குழந்தை கை நீட்டினால் கொடுத்துவிடுங்கள். கிழித்தால் கிழிக்கட்டும். அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்.

– மகள்