பித்தளைத் தட்டில் வாய்க்கரிசி

துக்கம் கேட்க வருகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் யார் வீட்டுச் சாவு என்றாலும் நானும் இறங்கிப் போகத்தான் செய்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பாக்கெட் பானத்தை உறிஞ்சிக்கொண்டே "மனசத் தேத்திக்குங்க" என்கிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். உதட்டில் கடலைத்தோல் ஒட்டியிருக்கும். அந்த வாயைத் துடைத்துவிட்டாவது ஆறுதல் சொல்லலாம்.

எனக்கு ஆறுதல் என்று ஒன்று கிடைத்தது ஜப்பான்காரன் காலத்தில். அதைக் கொடுத்தவர்களையும் அதற்கு முன்பு எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

அப்போது தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்புறம், மாட்டுக் கொட்டகைகளை ஒட்டி வரிசையாக இருந்த அறைகளில் ஒன்றில் குடியிருந்தோம். குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லாருக்குமாக ஒரு குழாய், எல்லாருக்குமாக ஒரு வாளிக் கக்கூஸ். வாளி எடுக்க வருகிறவன் வந்தால் வருவான், வராவிட்டால் நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். இடது பக்கத்து அறையில் ஒரு வேதக்கார அக்கா. துணி துவைத்துப் பிழைத்தாள். வலது பக்கத்தில் பால்கார அக்கா. அவளுடைய மாடுகளை ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான், புருசனை சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மாடும் வரவில்லை, மனிதரும் வரவில்லை. ஒருத்தி என் வாளியை நகர்த்தி வைத்துத் தண்ணீர் பிடிப்பாள். இன்னொருத்தி நான் தேய்த்து வைத்த இடத்தில் புகையிலை எச்சிலைத் துப்புவாள். குழாயடியில் நாங்கள் மூவரும் போட்ட சண்டையைக் கேட்டு மாடில்லாத கொட்டகையில் படுத்திருந்த நாய்கள் எழுந்து போகும்.

என் கணவர் துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். எல்லாம் அரிசி மூட்டைகள், எல்லாம் பட்டாளத்துக்கு. வேலை முடிந்து வெளியே வரும்போது வேட்டியை உதறிக்காட்ட வேண்டும். ஒரு மணி ஒட்டியிருந்தாலும் கன்னத்தில் அறைதான். வீட்டுக்கு வந்தால் மரவள்ளிக்கிழங்கு. காலையில் அவித்த கிழங்கு, மதியம் கிழங்கு ரொட்டி, மாலையில் செம்பனை எண்ணெய் ஊற்றிய கிழங்கு. அந்தச் சிவப்பு எண்ணெய் பல்லில் படிந்துகொண்டு போகாது; சோப்புக் கட்டியைச் சப்பின மாதிரி இருக்கும். தின்போம், ஏப்பம் வரும், ஏப்பத்திலும் அந்த நாற்றமே வரும்.

அவருக்குச் சீதபேதி கண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. அங்கே கட்டுப் போடுகிற டிரெசர், கிழங்கைக் கொடுக்காதே, குடல் தாங்காது, அரிசிக் கஞ்சியாக வடித்துக் கொடு என்றார். கடைத்தெருவில் போய் யானைப் பால் வாங்கிவரச் சொன்னது போலச் சுலபமாகச் சொன்னார்.

சிராங்கூன் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவர் என் கணவரின் பெரியப்பா. என் கணவரைக் கப்பலேற்றி இந்த ஊருக்குக் கூட்டிவந்ததே பெரியப்பாதான். எனக்குப் பெரிய மாமா முறை. போய் நின்றேன். கடையில் அரிசி இருப்பது எனக்குத் தெரியும். பின்கட்டில் கால் வைத்ததுமே புழுங்கலின் வாசனை மூக்கில் ஏறியது. மாதக்கணக்கில் சோறு காணாதவளின் மூக்கு பொய் சொல்லாது. அவரோ கையை விரித்தார். நானே கிழங்குதான் திங்கிறேன் என்று வயிற்றைத் தடவிக் காட்டினார். அந்த வயிறு கிழங்கு தின்ற வயிறாகத் தெரியவில்லை. அவர் பெண்டாட்டி, பெரிய அத்தை, உள்ளேயிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி நடக்கும்போது எனக்கு வந்தது அழுகை இல்லை; காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ரோட்டில் துப்பினால் ஜப்பான்காரன் அடிப்பான் என்று விழுங்கிக்கொண்டு வந்தேன்.

என் கணவர் ஒரு விடியலில் போனார். எப்படிப் போனார் என்பதை மறைத்துப் பூசி எழுத எனக்கு விருப்பமில்லை. அறை முழுக்க நாற்றம், பாய் முழுக்க ஈரம், அவர் கண்ணோரத்தில் ஈ. அவரைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது. என்மீது உயிரை வைத்திருந்த மனிதர், அவரைத் தொட்ட கையை நான் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது இருக்கும். முதல் நாள் மாலையிலிருந்தே அவளுக்கும் அதே போக்கு தொடங்கியிருந்தது. கொடுத்த கிழங்குக் கூழ் அப்படியே வெளியே வந்தது. வேதக்கார அக்கா கேட்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் அறையில் கிடத்தினாள். குழாயடியில் என் வாளியை நகர்த்தி வைத்த அதே கைகள்தான்.

சாவு என்றதும் பெரிய மாமா வந்தார், பெரிய அத்தை வந்தாள். கடைக்காரக் குடும்பத்தின் சொந்தங்கள் நாலைந்து பேர் வந்தார்கள். அத்தையின் கையில் ஒரு பித்தளைத் தட்டு. துணியை விலக்கினால் தட்டு நிறையக் குவித்த அரிசி. கல் பொறுக்கி, புடைத்து, சுத்தம் செய்த அரிசி.

"நம்ம வீட்டுப் பிள்ளை. வாய்க்கரிசி இல்லாம அனுப்புனா ஊரு என்ன பேசும்?" என்றார் பெரிய மாமா. அப்படிச் சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

உயிரோடு கிடந்தவனின் கஞ்சிக்கு ஒரு பிடி இல்லை. செத்தவனின் வாயில் போட ஒரு தட்டு. அதுவும் ஊர் வாய்க்குப் பயந்து. நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் பிள்ளை முனகுவது கேட்டது. அந்தத் தட்டில் இருந்ததில் கால்வாசி போதும், அவளுக்கு நாலு நாளைக்குக் கஞ்சி. ஆனால் வாய்க்கரிசிக்கு என்று வந்த அரிசியைக் கேட்க முடியாது. அதை உயிருள்ளவர் வாயில் வைப்பது தீட்டிலும் தீட்டு. கேட்டிருந்தால் புருசன் கிடக்கும்போதே சோற்றுக்கு அலைகிறாள் என்று அத்தை தெருவெல்லாம் சொல்லியிருப்பாள். சாவு வீட்டில் அடுப்பும் எரியக் கூடாது.

ஆம்பளைப் பிணத்தை ஆம்பளைகள்தான் குளிப்பாட்ட வேண்டும். பெரிய மாமாவும் மற்றவர்களும் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் திடீரென்று பாடை கட்டுகிற வேலை வந்துவிட்டது. ஒரு பாடைக்கு அத்தனை பேரும் முடிச்சுப் போட்டார்கள். கடைசியில் குளிப்பாட்டியது நானும் பக்கத்து அறை அக்காக்கள் இருவரும்தான். அத்தை தட்டைக் காவல் காத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவரை ஒருக்களித்துத் திருப்பினோம். அத்தை தட்டை அப்படியே விட்டுவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே ஓடினாள்.

நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். எடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கக் கூசி நின்றேன்.

வேதக்கார அக்கா நிமிராமலே சொன்னாள்: "வாந்தி வந்தா எடுத்துட்டு வா. எங்க வீட்டுக்காரருக்கு நானும் மூக்கக் கட்டிக்கிட்டுத்தான் கழுவுனேன். கழுவுனேன்ல, அது போதும்."

மனசைத் தேற்றிக்கொள் என்று எவளாவது சொல்லியிருந்தால் அந்த வாளித் தண்ணீரை அவள் தலையில் கொட்டியிருப்பேன். இது வேறு. நான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் காலைக் கழுவினேன்.

அப்போதுதான் பால்கார அக்கா தட்டைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை. மூவருமே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்; வாயைத் திறந்தது அவள்.

"அரிசிய எடுத்துக்க," என்றாள். "செத்தவருக்குப் பசிக்காது."

அடுப்பு எரியக் கூடாதே என்று ஏதோ உளறினேன். உன் வீட்டில்தானே எரியக் கூடாது, என் வீட்டில் எரியலாம், நான் வேறு சாமி கும்பிடுகிறவள் என்றாள் வேதக்கார அக்கா. ஓடிப்போய், முறத்தில் காயப்போட்டிருந்த மரவள்ளித் துருவலை அள்ளி வந்தாள். மாவு இடிப்பதற்காகக் கொரகொரப்பாகத் துருவிக் காயவைத்தது, வெள்ளை வெளேரென்று இருக்கும். தட்டிலிருந்த அரிசியை அவள் மடியில் கொட்டிக்கொண்டாள். துருவலைக் குவித்து, அதன்மேல் மெல்லிசாக அரிசியைத் தூவினாள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மூடின துணியைக்கூட அத்தை வைத்திருந்த மாதிரியே மடித்து வைத்தோம். அந்த அறையில், அந்த நாற்றத்தில், பிணத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு நாங்கள் செய்தது திருட்டுத்தான். எனக்கு அதில் இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை.

பெரிய மாமா முதலில் வந்தார். அரிசி வியாபாரியின் விரல், தொட்டதும் தெரிந்துவிடும் என்று அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விரல் ஆழம் போகவில்லை. செத்தவனுக்குக்கூட நுனி விரலால் எடுத்துத்தான் போட்டார். போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மற்றவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து போட்டுவிட்டு ஓடினார்கள். பெண்கள் முறை வந்தபோது பால்கார அக்கா ஒப்பாரியை உரக்க எடுத்தாள். சேலை மறைவில் கையை விட்டு அடியிலிருந்த துருவலையே அள்ளிப் போட்டாள். நான் மட்டும் மேலாகத் துழாவி, அரிசியாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, அவர் உதட்டுக்குள் வைத்தேன். எத்தனை நாளாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். வாய்க்கரிசியில் மிஞ்சியதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். பாடையோடு போகும், இல்லையென்றால் குழி வெட்டுகிறவருக்குப் போகும். பெரிய அத்தை சுற்றுமுற்றும் பார்த்தாள். தட்டில் மிஞ்சியதை முந்தானையில் கவிழ்த்து முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கோயில் வாசலில் குருவிக்குப் போடணும் என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள். கிழங்குத் துருவலை முடிந்துகொண்டு, அது அரிசி என்று இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள் கடைக்காரன் பெண்டாட்டி. வேதக்கார அக்கா இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டாள்.

விறகு கிடைக்காத காலம், அதனால் பிடாடரி இடுகாட்டில் புதைக்கப் போனார்கள். பாடையைத் தூக்கியதும் பெண்டாட்டி தலையை விரித்துக்கொண்டு சந்து முனைவரை அழுதுகொண்டே ஓட வேண்டும், அங்கே மற்ற பெண்கள் பிடித்து இழுத்து நிறுத்துவார்கள். நான் எழுந்தேன். பால்கார அக்கா என் தோளை அமுக்கி உட்கார வைத்தாள்.

"நீ பிள்ளையப் பாரு. அவர நான் அனுப்பிட்டு வாரேன்."

கொண்டையை அவிழ்த்து முகத்தை மறைத்துக்கொண்டு அவள் ஓடினாள். துணி கிடைக்காத அந்தக் காலத்தில் எங்கள் எல்லாருடைய சேலையும் ஒரே அழுக்கு நிறம்தான்; பின்னாலிருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியாது. சயாமிலிருந்து வராத தன் புருசனுக்கு அவள் அதுவரை அழுததில்லை, வந்துவிடுவார் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தவள். அன்றைக்குச் சந்து முனையில் புரண்டு புரண்டு அழுதாளாம். பெரிய மாமா திரும்பிப் பார்த்து, பாவம், புருசன் மேல அவ்வளவு உசிரு என்றாராம். அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான், ஆளைத்தான் மாற்றிச் சொன்னார்.

அன்றிலிருந்து ஜப்பான்காரன் போகும்வரை எங்கள் மூன்று அறைக்கும் ஒரே அடுப்பாயிற்று. குழாயடிச் சண்டை மட்டும் நிற்கவில்லை. பால்கார அக்கா துப்புவதையும் நிறுத்தவில்லை.

அன்றைக்கு வேதக்கார அக்காவின் அறைக்கு நான் போனபோது கஞ்சி கொதித்து இறங்கியிருந்தது. அவள் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்துக்கு முன்னால் என் பிள்ளை சுருண்டு கிடந்தாள். மடியில் தூக்கி வைத்து, ஊதி ஊதி, ஒரு கரண்டி கொடுத்தேன். விழுங்கினாள். வெளியே ஒப்பாரி சந்து முனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு கரண்டி. எப்போது வெளியே வந்துவிடுமோ என்று அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. சத்தம் முழுக்க அடங்கிய பிறகு நாலாவதோ ஐந்தாவதோ கரண்டிக்கு அவள் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். பயந்துபோய் ஏன் என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு?" என்றாள்.

மூட்டை தூக்குகிறவர் என்பதால் எங்கள் வீட்டில் எதையும் அவருக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் நாங்கள் தொடுவோம். அவளுக்குத் தெரிந்த ஒரே ஒழுக்கம் அதுதான்.

"அப்பா இப்பத்தான் சாப்பிட்டுட்டுப் போனாரு," என்றாள் வேதக்கார அக்கா. "நீ குடி."

பிள்ளை நம்பிவிட்டாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து மீதியையும் குடித்தாள். அதுவரை வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. அக்கா என்னைத் தேற்றவில்லை. கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அழு என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.