குக்கர் சுட்ட தழும்பு

முப்பத்தொரு வருடம் லேபர் ரூமில் நின்றவள் நான். கர்ப்பப்பை கிழிவதற்கான காரணங்களை எழுதச் சொன்னால் நர்சிங் பரீட்சையில் எல்லோருமே எழுதிவிடுவோம்: பழைய சிசேரியன் தழும்பு, இரண்டு பிரசவத்துக்கு நடுவே போதாத இடைவெளி, பிரசவ வலி வரவைக்கக் கணக்கில்லாமல் போடும் வலி ஊசி, வயிற்றைப் பிடித்து அமுக்குவது. அத்தனையும் ஒரே கட்டிலைச் சுற்றி வந்து நின்ற கதையை, இப்போது வேலைக்குச் சேரும் பெண்களுக்காகச் சொல்கிறேன்.

மும்பை மாட்டுங்காவில் சின்ன நர்சிங் ஹோம். காலை பத்து மணிக்கு பக்கத்திலிருக்கும் லேபர் கேம்ப் குடியிருப்பிலிருந்து செல்வி என்ற பெண் வந்தாள். இரண்டாவது பிரசவம். கூடவே மாமியாரும் புருஷனும். டாக்டர் வேறொரு ஆபரேஷனில் இருந்தார். "கேஸ் எடுத்து வைங்க, வலி போதலைன்னா டிரிப் போட்டுடலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

"முதல் பிரசவம் எப்படி?" என்று கேட்டேன்.

"நார்மல்" என்றார் மாமியார். "எங்க குடும்பத்துல ஒருத்தி வயித்துலயும் கத்தி பட்டதில்ல."

அடிவயிற்றில் குறுக்கே ஒரு தழும்பு. "அப்ப இது என்ன?"

"குக்கர் சுட்டுட்டு" என்றார் மாமியார். அதே நொடியில் புருஷன், "அப்பெண்டிக்ஸ் சிஸ்டர், பச்பன் மே, சின்ன வயசுல" என்றான்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார்தான் முதலில் சுதாரித்தார். "அப்பெண்டிக்ஸ் ஆபரேசன் பண்ணுன எடத்துலதான் குக்கர் சுட்டுச்சு."

ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி எந்தக் குக்கரும் சுடாது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பழைய ஃபைல் எங்கே என்றேன். உல்லாஸ்நகரில் மாமியாரின் தங்கச்சி வீட்டில் பத்திரமாக இருக்கிறதாம். அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் இருக்கத்தான் அந்தப் பத்திரம் என்பது பிறகு தெரிந்தது.

வலியைக் கூட்டும் டிரிப்பைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "அப்ப நானே அமுக்கி விடுதேன்" என்று மாமியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலில் ஏறப் பார்த்தார். அவரைப் பிடித்து இறக்க நானும் ஆயாவும் சேர வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, அவர்களுடைய பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா டீ ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். "என்ன, இந்தத் தடவையும் ஆபரேசன்தானா? போன ஆபரேசன் முடிஞ்சு ஒண்ணரை வருசங்கூட ஆவலியே."

மாமியார் முகம் செத்துப்போயிற்று. "ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ரத்தம் குடுத்ததே எம் மவன்தான. நீ நார்மல்னு பேடா குடுத்த. நாங்களும் நார்மல்னு தின்னோம்."

நான் செல்வி பக்கம் திரும்பினேன். "காலைல ஊசி ஏதாவது போட்டாங்களாம்மா?"

"எங்க சந்துல இருக்க கல்லி டாக்டரு ரெண்டு வலி ஊசி போட்டாரு. மொதப் பிள்ள நார்மல்னு அத்தை சொன்னாவ." மூச்சு வாங்கினாள். "வலி விட்ட பொறவும் தழும்புகிட்ட மட்டும் வலிக்கு சிஸ்டர்."

குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டேன். இறங்கிக்கொண்டிருந்தது. தியேட்டர் கதவைத் தட்டிக் கத்தினேன். முதல் கேஸை முடித்த கையோடு டாக்டர் செல்வியின் வயிற்றைத் திறந்தார். பழைய தையல் பிரிந்துகொண்டிருந்தது. மிச்சம் நின்றது வெங்காயத் தோல் கனம்தான். டிரிப் ஓடியிருந்தால் அதுவும் நின்றிருக்காது. தாயும் பிழைத்தாள், பையனும் பிழைத்தான். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வெளியே மாமியார் பேடா கொடுத்துக்கொண்டிருந்தார். "என்ன பிரசவம்?" என்றார் பேச்சியம்மா.

"நார்மல்."

"நல்லது" என்று பேச்சியம்மா வாங்கித் தின்றார்.

மறுநாள் டிரெஸ்ஸிங் செய்யும்போது செல்வியைத் திட்டினேன். "உன் வயிறுதானே? நீயாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"நீங்க என்ட்ட கேக்கவே இல்லியே சிஸ்டர். என் வயித்தக் காட்டி அத்தையத்தான கேட்டிய" என்றாள்.

அன்றிலிருந்து கேஸ் எடுக்கும்போது வீட்டாரையெல்லாம் டீ குடிக்க அனுப்பிவிடுவேன். படுத்திருப்பவளிடம்தான் கேட்பேன்.