காப்பி மெஷின் மாட்டப் போன நாலு வீடுகள்

மிக்ஸி பழுதானால் மிக்ஸி நம்மைத் தேடி வரும். காப்பி மெஷின் பழுதானால் நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும், போனால் வீட்டிலுள்ள அத்தனை பேரும் அடுப்படி மேடையைச் சுற்றி நின்றுகொள்வார்கள். ஏசி, இன்வெர்ட்டர் என்று எதையாவது வீடு வீடாக மாட்டிக்கொண்டு திரிகிற அன்பர்களுக்கு நான் சொல்லாமலே இது புரியும்.

ராஜபாளையத்தில் ஒரு வீட்டுச் சாமான் கடையின் பின்கட்டில் பன்னிரண்டு வருஷம் மிக்ஸி ரிப்பேர் பார்த்தவள் நான். கருகின மோட்டார் காயிலின் வாசனையும் எதிர்ச் சுவரும்தான் துணை. வீட்டில் வைக்கிற எஸ்பிரஸோ மெஷினை நாமும் விற்கலாமே என்று முதலாளி அண்ணாச்சியிடம் வாயைக் கொடுத்ததும் நான்தான். மதுரைக்குப் போய் இரண்டு நாள் பயிற்சி எடுத்து வந்தேன். அண்ணாச்சி நாலே நாலு மெஷினை வரவழைத்தார். "நாலுல ஒண்ணு திரும்பி வந்தாலும் இந்தச் சோலி முடிஞ்சுது செல்வி. பழையபடி மிக்ஸி மேசைக்குப் போயிரணும்" என்றார். அந்த மேசைக்குத் திரும்ப எனக்குக் கொஞ்சமும் மனசில்லை. நாலு மனுஷர் முகத்தைப் பார்த்து வேலை செய்ய ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

பொங்கலேது

முதல் மெஷின் ராஜபாளையத்திலேயே, வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பத்துக்குப் போனது. நான் போவதற்குள் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து முடித்திருந்தார்கள். ஒரு பொட்டு சரியாக நீராவிக் குழாயின் துவாரத்தில் இருந்தது. ஊசியால் அதை எடுத்துவிட்டு, பயிற்சியில் சொன்னபடி பாலைப் பதமாகச் சூடாக்கி, காப்பியில் ஊற்றி, நுரையில் ஒரு இலைகூட வரைந்து நீட்டினேன். வீட்டம்மா டம்ளரைத் தொடவில்லை. "பொங்கலேது" என்றார். பால் பொங்கவில்லையாம்.

புதுச் சாமான் வந்தால் முதல் பால் பொங்கி வழிய வேண்டும். பாலைப் பொங்கவிடாமல் பிடிப்பதுதான் இந்த மெஷினின் கெட்டிக்காரத்தனமே என்று விளக்கினேன். எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். வேறு வழியில்லை. ஜாடி கொள்ளும் மட்டும் பாலை ஊற்றி, நீராவியை முழுசாகத் திறந்துவிட்டேன். புஸ்ஸென்று எழும்பிய பால் மேடை, மெஷின், என் துப்பட்டா எல்லாவற்றிலும் வழிந்தது. அரை மணி நேரம் துடைத்தேன். வீட்டம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பொங்கிருச்சு! இனிமே காப்பி எப்பிடி வந்தா என்னம்மா?"

இரண்டாம் டிகாஷன்

சுந்தரபாண்டியத்திலிருந்து பேச்சியம்மாள் என்பவர் போன் செய்தார். பருத்தி போட்டிருக்கிற வீடு. மகன் எங்கள் கடையில் வாங்கிக் கொடுத்த இரண்டாவது மெஷின். "முத டம்ளர் நல்லாருக்கு. ரெண்டாவது வெந்நி மாதிரி வருது. மெஷினு சீக்கிரம் களைச்சுப் போவுதோ?" என்றார். திரும்பி வரப்போகிற மெஷின் இதுதான் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போட்டுக் காட்டச் சொன்னேன். கொட்டையை அரைத்து, தூளை அமுக்கி, கணவருக்கு ஒரு டம்ளர் பிடித்தார். அருமையான காப்பி. பிறகு தூளை மாற்றாமலே அடுத்த டம்ளரை வைத்து மறுபடி பட்டனை அழுத்தினார். "இது யாருக்கு?" என்றேன். "எனக்கு. ரெண்டாம் டிகாசன்" என்றார், இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற மாதிரி. இந்த மெஷினில் இரண்டாம் டிகாஷன் என்ற பேச்சே கிடையாது, ஒவ்வொரு தடவையும் புதுத் தூள் என்று சொல்லி அவருக்கென்று ஒன்று போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் திகைத்து நின்றார்.

"ஏட்டி, அப்ப இனிமே தெனமும் நானும் விருந்தாளி மாதிரியில்லா குடிக்கணும்?"

நொச்சி

மூன்றாவது மெஷின் போன சோழபுரத்து வீட்டில் நீராவிக் குழாய் அடைத்துக்கொண்டது. கழற்றினால் உள்ளே பச்சைப் பசேலென்று இலைத் துணுக்கு. விசாரித்ததில், வீட்டுக்காரருக்குச் சளி பிடித்திருக்கிறது. நொச்சி இலையை ஜாடியில் போட்டு, குழாயை அதில் விட்டு, மெஷினையும் தன் தலையையும் ஒரே போர்வையால் மூடிக்கொண்டு ஆவி பிடித்திருக்கிறார். மூஞ்சி வெந்திருக்குமே ஐயா என்று சத்தம் போட்டேன். இனிமேல் இதைச் செய்யமாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் குழாயைத் திரும்ப மாட்டினேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"காப்பி சுமாருதான். சளி மட்டும் அம்புட்டும் போயிருச்சு தாயி."

கேஜ் இருக்கிற சாமான்

நாலாவது மெஷின் ஸ்ரீவில்லிபுத்தூர் கனி பாய் வீட்டுக்கு. அவருக்கு மோட்டார் பம்பு விற்கிற கடை. மெஷினை எப்படி இயக்குவது என்று அவர் மனைவி மைமூன் அக்காவுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த பாய், "இதுல ப்ரஷர் கேஜ் இருக்கே!" என்று உள்ளே வந்துவிட்டார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் அடுப்படிக்குள் வந்தது தண்ணீர் குடிக்க மட்டும்தான் என்று அக்கா என் காதில் சொன்னார். அன்றிலிருந்து அந்த மெஷினை வேறு யாரும் தொடக் கூடாது. காலையும் மாலையும் பாய் போடுவதுதான் காப்பி.

ஆனால் அவருடையது மோட்டார்க்காரர் கணக்கு. கேஜ் முள் எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவு நல்லது என்று, கொட்டையை மாவாக அரைத்து, பலமெல்லாம் கூட்டி அமுக்குவார். காப்பி சொட்டுச் சொட்டாக இறங்கும், கசக்கும். கொஞ்சம் கொரகொரப்பாக அரையுங்கள் என்று போனில் எத்தனையோ தடவை சொன்னேன். ப்ரஷர் குறையுமே என்பார். ஒரு மாதம் இப்படிப் போனது. வீட்டுக்கு வந்த மச்சான், இது காப்பியா கஷாயமா என்று கேட்டுவிட்டாராம். மறுநாள் காலையில் ஆட்டோவில் மெஷினோடு பாய் எங்கள் கடை வாசலில் வந்து இறங்கினார்.

பெட்டியை அண்ணாச்சி மேசையில் வைத்து, "இது நமக்குச் சரிப்படாது, எடுத்துக்கோங்க" என்றார். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்கட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அதற்குள் இன்னொரு ஆட்டோ வந்தது. மைமூன் அக்கா இறங்கி, நேராக வந்து பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இருவத்தேழு வருசமா காப்பி போட்டது நானு. இந்த ஒரு மாசமாத்தான் எனக்கு ஒருத்தர் போட்டுக் குடுக்காவ. கசந்தா கசந்துட்டுப் போவுது, குடிக்கது நாந்தானே? மெஷின எடுத்துக்கிட்டா அவியளயும் இங்கயே வச்சுக்கோங்க அண்ணாச்சி."

பாய் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. அரவையைச் சரி செய்து, அங்கேயே ஒரு காப்பியைப் பாய் கையாலேயே போட வைத்தேன். அக்கா குடித்துவிட்டு, இன்றைக்குக் கசக்கவில்லை என்றார். பாய் அண்ணாச்சிக்கும் ஒன்று போட்டு நீட்டினார். அண்ணாச்சி கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"செத்த இரு செல்வி, இன்னும் நாலு மெஷினுக்குச் சொல்லிருவோம். பொறவு அந்த மிக்ஸி மேசைக்கு வேற ஆளப் பாக்கணும்."

மெஷினை மேடையில் நிறுத்த எனக்கு அரை மணி நேரம் போதும், வீட்டுக்காரரை அதன் முன்னால் நிறுத்துவதற்கு மட்டும் மதுரையில் யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.